தோலில் விழும் பாதத் தடம்: எந்தத் தடத்துக்கு என்ன வைத்தியம்

"அண்ணை, தடம் விழாத பாதம் ஒன்று இருந்தால் தாங்கோ."

தோல் தைக்கிற மெசினோடு சுன்னாகத்தில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். பாதம் என்றால், தைக்கும்போது ஊசிக்குப் பக்கத்தில் தோலை மேலேயிருந்து அமுக்கிப் பிடிக்கிற மெசின் உறுப்பு. தடம் விழாத பாதம் என்று ஒன்று கிடையாது. பல் இல்லாத பாதமும் தடம் போடும், பல் உள்ள பாதமும் சில நேரம் தடமில்லாமல் தைக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தடம் விழுந்த தோல் துண்டு கையில் இருக்கிறதா? மெசினைவிட அந்தத் துண்டு எனக்கு அதிகம் சொல்லும். தடம் மேலேயா கீழேயா, தொடர்ந்த கோடா விட்டுவிட்டு விழுந்ததா, தையலுக்கு இரு பக்கமுமா ஒரு பக்கமா? இது தெரியாமல் பாதம் வாங்குவது, என்ன வருத்தம் என்று சொல்லாமல் மருந்துக்கடையில் குளிசை கேட்கிற மாதிரி.

கைப்பை, பெல்ற், செருப்பு, ஓட்டோ சீற் என்று தைத்தும், மற்றவர்களின் மெசினைத் திருத்தியும் பார்த்ததில் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்து வரும் பகுதியை எல்லோரும் வாசியுங்கள். அதன்பின் உங்கள் தடம் எந்தத் தலைப்பில் வருகிறதோ அதற்கு நேரே போகலாம். எதிலும் காசு செலவில்லாத வேலை முதலில், பாதம் வாங்குவது பிறகு, மெக்கானிக் கடைசியில்.

எதற்கும் முன்: தடத்தை எடுத்துப் பார்ப்பது

ஊசியிலிருந்து நூலைக் கழற்றுங்கள், கீழ்நூல் சுற்றிய பொபினையும் எடுத்துவிடுங்கள். தைக்கப்போகிற அதே தோலில் இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மோட்டரைத் தொடாமல் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பத்துத் தையல் ஓட்டுங்கள். துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். தெளிவாய்த் தெரியாவிட்டால், தோலின்மேல் ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் மைப்பக்கம் கீழே இருக்கும்படி காபன் தாள் வைத்துப் பாதத்தை மெதுவாய் இறக்கித் தூக்குங்கள். பாதத்தில் எந்த இடம் அழுத்துகிறது, எந்த இடம் தொடவே இல்லை என்பது தாளில் விழுந்துவிடும்.

அடுத்தது தோல். மரப்பட்டையில் பதனிட்டதா, குரோம் உப்பில் பதனிட்டதா? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத்தோல் உள்ளே வரை மண்ணிறமாய் இருக்கும். குரோம் தோலின் நடுப்பகுதி பல நேரம் நீலச் சாம்பலாய்த் தெரியும். முழுக்கச் சாயம் ஏற்றியிருந்தால் அது ஏமாற்றும், அப்போது நகத்தால் ஒரு கோடு அழுத்துங்கள். கோடு அப்படியே நின்றால் பட்டைத்தோல். பூவேலை அச்சு எந்தக் குணத்தால் அதில் எடுபடுகிறதோ, அதே குணத்தால்தான் பாதத் தடமும் நிற்கிறது.

மூன்றாவது, மெசின் தோலை எப்படி நகர்த்துகிறது? தட்டின் கீழிருந்து எழும்பித் தோலைத் தள்ளுகிற கீழ்ப்பல் மட்டும் நகர்த்துவது சாதாரணத் தையற்கடை மெசின். பாதம் இரண்டாய் இருந்து, ஊசியோடு சேர்ந்த உள்பாதமும் அதற்கு இரு பக்கமும் நிற்கிற வெளிப்பாதமும் மாறி மாறி எழும்பி இறங்கினால் அது நடக்கும் பாத மெசின். கீழே பல்லே இல்லாமல் பாதமே தோலை இழுத்துப் போனால் அது செருப்பு மெசின். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதைக் கெடுக்கும். அதனால் இது வடிவாய்த் தெரிந்த பிறகு கீழே போங்கள்.

மேல்பக்கத்தில் தையலுக்கு இரு பக்கமும் ஏணிப்படி மாதிரித் தடம்

இது நடக்கும் பாத மெசினுக்கே உரிய தடம். ஜூக்கி 1541, கொன்சியூ 206, பழைய சிங்கர் 111 எல்லாம் இந்த வகை. உள்பாதம் ஊசியோடும் கீழ்ப்பல்லோடும் சேர்ந்து தோலை நகர்த்தும். அது திரும்பி வருகிற இடைவெளியில் வெளிப்பாதம் தோலைப் பிடித்திருக்கும். அதாவது வெளிப்பாதம் ஒவ்வொரு தையலுக்கும் ஒருமுறை தோலில் மிதிக்கிறது. இரண்டு தடத்துக்கு இடையிலான தூரம் ஒரு தையலின் நீளம் என்றால் மிதித்தது வெளிப்பாதம். தையல் கோட்டின் மேலேயே குறுகலாய் விழுந்திருந்தால் உள்பாதம். இரண்டும் கலந்திருப்பதும் உண்டு.

முதலில் அழுத்தம். தலைக்கு மேலே உள்ள அழுத்தத் திருகாணியை, தையல் ஒழுங்கு தப்பத் தொடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாய்த் தளர்த்துங்கள். ஒழுங்கு தப்பிய இடத்திலிருந்து அரைச் சுற்று இறுக்கி நிறுத்துங்கள். அந்தத் தோலுக்கு அதுதான் அளவு. திருகாணியைத் தொட்டே பார்க்காதவர்கள் நிறைய. போன உடமைக்காரர் கன்வஸ் தைக்க இறுக்கி வைத்த அழுத்தத்திலேயே கைப்பையும் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

அழுத்தம் குறைத்தும் விழுகிறதா? தோலின் ஈரத்தைப் பாருங்கள். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் சும்மா தட்டில் கிடக்கிற பட்டைத்தோலும் ஈரம் குடித்துவிடும். இதில் நான் பட்டிருக்கிறேன். ஒரு கார்த்திகையில் கைப்பை ஓடர் ஒன்றுக்கு, மெசினுக்குப் பக்கத்தில் கிடந்து நன்றாய்க் காய்ந்த பழைய வெட்டுத்துண்டில் மாதிரி தைத்துப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை. சரி என்று முழுத்தோலை எடுத்துத் தைத்து முடித்து வெளிச்சத்தில் பார்த்தால், முன்பக்கம் முழுக்க ஏணிப்படி. மெசின் அதே மெசின், பாதமும் அதே பாதம், தோலில்தான் மழை இருந்தது. அன்றிலிருந்து மாதிரித் துண்டை, தைக்கப்போகிற தோலின் ஓரத்திலிருந்துதான் வெட்டுகிறேன். ஈரம் என்றால் நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும்.

தையல் நீளத்தையும் ஒருமுறை பாருங்கள். தடித்த தோலில் இரண்டரை மில்லிமீற்றரில் தைத்தால் பாதம் அடிக்கடி மிதிக்கும். மூன்றரை, நான்குக்குக் கூட்டினால் தடமும் குறையும், தோலும் ஓட்டை ஓட்டையாய்ப் பலவீனப்படாது.

இவ்வளவும் செய்த பிறகும் பல்லின் அச்சு தெரிந்தால் பாதத்தைக் கழற்றி அடியைப் பாருங்கள். கன்வஸ், ரெக்சின் தைக்கவென்று வருகிற மெசின்களில் உள்பாதம் வெளிப்பாதம் இரண்டின் அடியிலும் பல் வெட்டி இருக்கும். தோலுக்கு அடி வழுவழுப்பான சோடி வேண்டும். இங்கே பலர் வெளிப்பாதத்தை மட்டும் மாற்றிவிட்டு, உள்பாதம் போடுகிற தடத்தைப் பார்த்து "புதுப் பாதமும் சரியில்லை" என்று வருவார்கள். இரண்டையும் சோடியாய் மாற்றுங்கள். சிங்கர் 111 வகைக்குச் செய்த பாதங்கள் கொன்சியூ 206க்கும் ஜூக்கி 1541க்கும் பொதுவாய்ப் பொருந்தும். ஜூக்கி 441 வகைப் பெரிய மெசினுக்கு அவை பொருந்தாது, அதற்கு வேறு சோடி. கொழும்பிலிருந்து வரவழைப்பது என்றால் மெசின் இலக்கத்தோடு பழைய பாதத்தின் படத்தையும் அனுப்புங்கள். உள்ளூரில் வாங்கினால் பழைய பாதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

வாங்கக் காசில்லை, பல்லை நானே அராவிவிடுகிறேன் என்கிறீர்களா? செய்யலாம், நானும் செய்கிறேன். ஆனால் இருக்கிற ஒரே பாதத்தில் செய்ய வேண்டாம். தட்டையான கண்ணாடியில் எமரித் தாளை ஒட்டி, பாதத்தை அதன்மேல் தேயுங்கள். 400, அப்புறம் 800, அப்புறம் 1200. கடைசியில் குத்துவிளக்கு துலக்குகிற பொலிஷ் போட்டுத் துணியில் தேய்த்தால் முகம் தெரியும். அடியைவிட ஓரங்கள்தான் முக்கியம். முன் நுனி, பின் நுனி, பக்க விளிம்பு எல்லாம் லேசாய் உருண்டு இருக்க வேண்டும். பாதி வேலையில் நிறுத்துகிறவர்கள் அடியைப் பளபளப்பாக்கி, ஓரத்தைக் கத்தி மாதிரி விட்டுவிடுவார்கள். பிறகு அடுத்த தலைப்பில் சொல்கிற தடம் வரும்.

பல்லை அராவினால் பாதம் கட்டையாகும். உள்பாதம் ஒரு அளவும் வெளிப்பாதம் ஒரு அளவுமாய்த் தேய்ந்தால் இரண்டும் சமமாய் எழும்பாது. ஒன்று தோலை உரசும், மற்றது மேலேயிருந்து வந்து குத்தும். கைச்சக்கரத்தை மெதுவாய்ச் சுற்றிப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட அதிகம் எழும்புகிறது என்றால் அங்கே நிறுத்துங்கள். அந்தச் சமநிலையைத் திருத்துவது மெசினின் பின்பக்கத்து வேலை, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மேல்பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்த கோடு

இங்கே முதற்கேள்வி: விளிம்பில் தைக்கும்போது மட்டுமா, தோலின் நடுவிலுமா?

விளிம்பில் மட்டும் என்றால் மெசினில் பிழை இல்லை. தோலின் உடல் இடது பக்கம், விளிம்பு வலது பக்கம் வரும்படி தைக்கிறோம். ஊசிக்கு இரு பக்கமும் நீண்டிருக்கிற பாதத்தின் இரண்டு விரலில், வலது விரல் தோலுக்கு வெளியே அந்தரத்தில் நிற்கிறது. இரண்டு விரலும் பங்குபோட்டுச் சுமக்க வேண்டிய பாரத்தை இடது விரல் தனியே சுமக்கிறது. அதனால் அந்தப் பக்கம் ஆழமாய் விழுகிறது. கீல் வைத்த பாதம் என்றால் இன்னும் மோசம், பாதமே சரிந்து உள்விளிம்பு தோலைக் கீறும்.

செலவில்லாத வழி: விளிம்பை இறுதி அளவுக்கு வெட்டாமல், வலது விரலுக்கும் கீழே தோல் இருக்கும்படி அகலம் விட்டுத் தைத்து, தைத்த பிறகு வெட்டுங்கள். தோல் கொஞ்சம் வீணாகும், ஆனால் ஓரமும் நேராய் வரும். ஏற்கெனவே வெட்டியாயிற்று என்றால், அதே தடிப்பில் ஒரு வார்த்துண்டை வலது விரலுக்குக் கீழே வைத்து, தோலோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போங்கள். பெல்ற் தைக்கிறவர்கள் ஒரு நீண்ட வாரை இதற்கென்றே வைத்திருப்பது நல்லது.

இடது விரல் மட்டும் உள்ள பாதம் வாங்கினால் இந்தத் தடம் போய்விடும் என்று நினைத்து வாங்குகிறார்கள். போகாது. ஒற்றை விரலிலும் அதே பாரம்தான் இறங்குகிறது. அந்தப் பாதம், வலது பக்கத்தில் பக்கிளோ பைப்பிங்கோ சிப்போ எழும்பி நிற்கும்போது அதற்கு இடம்விட்டுத் தைப்பதற்கு. அதைப் போட்டால் அழுத்தத்தையும் இன்னும் குறைக்க வேண்டும்.

தோலின் நடுவில் தைத்தாலும் ஒரு பக்கக் கோடு விழுகிறதா? பாதத்தைப் பிடிக்கிற திருகாணி தளர்ந்து பாதம் திரும்பியிருக்கலாம், இறுக்கிப் பாருங்கள். அடுத்து, கொஞ்சம் பஞ்சை எடுத்துப் பாதத்தின் அடியிலும் ஓரங்களிலும் தடவுங்கள். பஞ்சின் இழை எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. ஊசி ஒருமுறை பாதத்தில் மோதி உடைந்த மெசின்களில் ஊசித் துவாரத்தின் விளிம்பில்தான் இந்தப் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, பஞ்சு காட்டிக்கொடுக்கும். மெல்லிய எமரித் தாளைச் சுருட்டித் தேய்த்தால் தீர்ந்தது.

பஞ்சு சிக்கவில்லை என்றால் தாள் சோதனை. மெல்லிய தாளில் இரண்டு கீலம் வெட்டி, ஒவ்வொரு விரலுக்கும் கீழே ஒன்று வைத்துப் பாதத்தை இறக்குங்கள். இரண்டையும் மெதுவாய் இழுங்கள். ஒன்று இறுக்கமாயும் மற்றது வழுக்கியும் வந்தால் பாதம் மட்டமாய் இல்லை. வேறு பாதம் போட்டும் அப்படியே என்றால் பாதத்தைத் தாங்குகிற தண்டு வளைந்திருக்கிறது, அல்லது தண்டு ஏறி இறங்குகிற குழலான புஷ் தேய்ந்திருக்கிறது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். அதைச் செய்துவிட்டு வந்த மெசின்களில் இரட்டை வேலை. இது மெக்கானிக்கும் லேத் கடையும் சேர்ந்து செய்கிற காரியம்.

கீழ்ப்பக்கத்தில் பல் தடம்

இதில் முதலில் ஒரு நியாயம் பேச வேண்டும். கீழ்ப்பக்கம் தடம் விழுவது கீழ்ப்பல்லின் தொழில். பையைத் தைக்கும்போது எந்தப் பக்கம் வெளியே தெரியும் என்று முன்கூட்டியே யோசித்து, வெளிப்பக்கத்தை மேலே வைத்துத் தைத்தால் இந்தப் பகுதியே தேவையில்லை. பெல்ற், நாய்க்கழுத்துப் பட்டி மாதிரி இரு பக்கமும் தெரிகிற சாமான்தான் கரைச்சல்.

அழுத்தம் குறைப்பது இங்கேயும் முதல் வேலை. மேலேயிருந்து அழுத்தினால்தானே கீழ்ப்பல் கடிக்கும். அடுத்து, தோலுக்கும் பல்லுக்கும் நடுவே தாள் ஒன்றை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுங்கள். வெறும் மண்ணிறப் பொதித்தாள் போதும். பத்திரிகைத் தாள் வேண்டாம், வெளிர்த்தோலில் மை ஒட்டிக்கொண்டு பல் தடத்தைவிட அசிங்கமாய் இருக்கும்.

பிறகு பல்லின் உயரம். கைச்சக்கரத்தைச் சுற்றிப் பல் உச்சிக்கு வரும்போது பாருங்கள். தட்டுக்கு மேலே ஒரு மில்லிமீற்றர் அளவில் நிற்பது வழக்கம். அதைவிட அதிகமாய் எழும்பி நின்றால் ஆழமாய்க் கடிக்கும். உயரத்தைக் குறைக்கலாம், ஆனால் பல் எழும்புகிற நேரமும் பின்னே போகிற நேரமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கையேடு இல்லாமல் இதில் கைவைத்தால் பிறகு தையல் நீளமே வராது. அதனால் இந்த இடத்திலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பல் இல்லாத கீழ்த்தட்டு போடலாமா என்று கேட்பார்கள். நடக்கும் பாத மெசினில் போடலாம், அங்கே ஊசியும் உள்பாதமும் சேர்ந்து தோலைக் கொண்டுபோகும். ஊசித்தட்டும் அதற்குப் பொருந்தியதாய் இருக்க வேண்டும். சாதாரணத் தையற்கடை மெசினில் மட்டும் செய்யாதீர்கள். அதில் நகர்த்துகிறதே அந்தப் பல்தான். அதை மழுக்கினால் தோல் ஓர் இடத்திலேயே நிற்க, ஊசி அதே ஓட்டையில் குத்திக்கொண்டிருக்கும்.

அழுத்தத்தைக் குறைத்தேன், தடம் போனது, இப்போது தையல் தவறுகிறது

மேலே சொன்னதைச் செய்தவர்கள் அடுத்த கிழமை இந்த முறைப்பாட்டோடு வருவார்கள். ஊசி மேலே வரும்போது தோலையும் சேர்த்துத் தூக்குகிறது. பாதத்துக்கு அதைக் கீழே பிடிக்கப் பலம் போதவில்லை. நூலில் வளையம் சரியாய் விழாமல், தட்டுக்குக் கீழே சுற்றி நூலைப் பிடிக்கிற கொக்கி அதைப் பிடிக்கத் தவறுகிறது. கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசி எழும்புகிற நேரம் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தோல் ஊசியோடு எழும்பினால் காரணம் இதுதான்.

உடனே அழுத்தத்தைத் திரும்பவும் கூட்டினால் தடம் திரும்பி வரும். ஊசியைப் பாருங்கள். எத்தனை நாளாய் அதே ஊசி? மழுங்கிய ஊசியை மாற்றுவதுதான் உலகத்திலேயே மலிவான திருத்தம். அடுத்து முனை. துணிக்கான உருண்டை முனையால் தோலைக் குத்தினால் தோல் ஊசியை இறுகப் பிடிக்கும். ஜூக்கி 1541 மாதிரி மெசினில் துணி ஊசிக்கு 135x17 என்று இருக்கும், அதே நீளத்தில் வெட்டு முனையோடு வருவது 135x16. தோலுக்கு அதை வாங்குங்கள்.

நூலுக்கு ஏற்ற பருமனா என்றும் பாருங்கள். 69 இலக்க நைலோன் நூலுக்கு 18ஆம் இலக்க ஊசி, 138க்கு 22, 207க்கு 24 என்பது நான் வைத்திருக்கிற கணக்கு. ஊசி சிறிதென்றால் நூல் ஓட்டைக்குள் நெருக்குப்பட்டுத் தோலை இழுக்கும். பெரிதென்றால் கீழ்ப்பக்கம் ஓட்டைகள் பிதுங்கி நிற்கும். அதையும் பலர் பாதத் தடம் என்று நினைத்துப் பாதத்தை மாற்றுகிறார்கள்.

இரண்டு தோலை ஒட்டிவிட்டுத் தைக்கிறவர்கள், பசை காயுமுன் அவசரப்பட்டால் ஊசியில் பசை பிடித்து இதே கோளாறு வரும். ஊசியைத் துடைத்து, கொஞ்சம் தேன்மெழுகு தடவுங்கள், பசைக்கு நேரம் கொடுங்கள்.

புது ஊசி, சரியான முனை, காய்ந்த பசை, அப்படியும் தோல் எழும்புகிறதா? உள்பாதத்தின் ஊசித் துவாரம் தேய்ந்து அகன்றிருக்கும், துவாரத்துக்குள்ளேயே தோல் எழும்புகிறது. உள்பாதத்தை மாற்ற வேண்டியதுதான். தோல் எழும்பவே இல்லை, ஆனாலும் தையல் தவறுகிறது என்றால் இது பாதத்தின் கதையே இல்லை. ஊசிக்கும் கொக்கிக்கும் நேரம் பிசகியிருக்கிறது, மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

தொடங்குகிற இடத்திலும் நிறுத்துகிற இடத்திலும் மட்டும் குழி

இது மெசினின் பிழை அல்ல, எங்கள் கையின் பிழை. பாதத்தை நெம்பிலிருந்து டக்கென்று விழவிடாமல் கையால் பிடித்து இறக்குங்கள். நுனியில் மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் தைத்துப் பூட்டாதீர்கள், இரண்டு தையல் பின்னே போனால் போதும். இன்னொன்று, கரண்ட் போனால் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறோம், பாதம் தோலில் கிடக்கிறது. திரும்பி வரும்போது குழி நிற்கும். ஊசியைத் தோலில் விட்டு, பாதத்தைத் தூக்கிவைத்துவிட்டுப் போங்கள்.

வளைவிலும் மூலையிலும் அரைவட்டத் தடம்

பாதம் கீழே இருக்கும்போதே தோலைத் திருப்புகிறீர்கள். ஊசி அடிவரை போய்க் கொஞ்சம் மேலே வரத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பாதத்தைத் தூக்கித் திருப்பி, பிறகு இறக்குங்கள். சின்ன வளைவு என்றால் இரண்டு தையலுக்கு ஒருமுறை இப்படிச் செய்ய வேண்டிவரும், அலுப்பாய்த்தான் இருக்கும். அடிக்கடி வளைவு தைக்கிறவர்கள் நீளம் குறைந்த ஒடுங்கிய பாதம் ஒன்று வாங்கி வைக்கலாம்.

உருளை வைத்த பாதம் வளைவில் அழகாய்த் திரும்பும், சாதாரண மெசினில் செருப்பின் மேல்தோல் மாதிரி மெல்லிய தோலுக்கு அது நல்லது. தடித்த பட்டைத்தோலுக்கு நான் போடமாட்டேன். உருளை தோலைத் தொடுவது ஒரு மெல்லிய கோட்டில், முழுப் பாரமும் அந்தக் கோட்டில்தான். வண்டில் சில்லு சேற்றில் போன மாதிரித் தடம் கிடைக்கும்.

பாதம் ஒட்டி இழுத்த மாதிரிப் பளபளப்பான தடம், தையலும் நெருக்கமாய்

மினுக்கப் பூச்சுள்ள தோலிலும் ரெக்சினிலும் வருவது. இரும்புப் பாதம் பூச்சில் ஒட்டிக்கொள்ள, கீழ்ப்பல் மட்டும் இழுக்கிறது. ஓட்டோ சீற் தைக்கிறவர்களுக்கு இது பழகின தலையிடி. கொஞ்சம் முகப்பவுடரைத் துணியில் தொட்டுத் தோலில் தடவித் தைத்துப் பாருங்கள், பிறகு துடைத்துவிடலாம். பாதத்தின் அடியில் மெல்லிய செலோரேப் ஒட்டி, ஊசி போகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டாலும் ஒரு நாள் வேலை ஓடும். நிரந்தரமாய் வேண்டுமென்றால் வெள்ளை ரெப்லோன் பாதம். மலிவு, சாதாரண மெசினுக்கு எங்கும் கிடைக்கும். ஆனால் அது மெத்தென்ற பொருள். ஊசி உரசியும் தடித்த தையலின்மேல் ஏறியும் அடியில் பள்ளம் விழுந்துவிடும். பிறகு அந்தப் பள்ளத்தின் விளிம்பே கோடு போடும். கீறல் விழுந்த ரெப்லோன் பாதத்தைத் திருத்த முடியாது, எறிந்துவிட்டு வேறு போடுங்கள்.

செருப்பு மெசினில் தடம்

எல்லாப் பக்கமும் திரும்பித் தைக்கிற சிங்கர் 29கே மெசின் ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்கில் செய்தது. 1980இல் அந்தத் தொழிற்சாலையே மூடிவிட்டது, மெசின்கள் இன்னும் ஓடுகின்றன. இதில் பாதமே தோலைக் கவ்வி இழுக்கிறது. அதனால் பல் கூராய் இருக்கும், தடமும் உறுதி. தடம் விழுகிறதென்று பல்லை முழுக்க அராவிவிட்டுக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். தடம் போய்விடும், தோலும் நகராது.

இதற்கு எங்கள் ஊர் வைத்தியமே போதும். பழைய சைக்கிள் ரியூப்பில் பாத அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஒட்டுப்போடுகிற சொலூசனால் பாதத்தின் அடியில் ஒட்டுங்கள். பல் ரப்பரைப் பிடிக்கும், ரப்பர் தோலைப் பிடிக்கும், அச்சு விழாது. கொஞ்ச நாளில் பிய்ந்துவிடும், திரும்ப ஒட்டுங்கள். வெளிர்த்தோலில் கறுப்பு ரப்பர் தேய்ந்து கறை வைக்கும். அதற்கு மெல்லிய தோல் துண்டை, மயிர்ப் பக்கம் ஒட்டுக்கும் சதைப்பக்கம் கீழுக்குமாய் ஒட்டிக்கொள்ளுங்கள். பாதம் தடித்துவிடுவதால் முன்னைப்போல் மிகத் தடித்த தோல் உள்ளே போகாது.

அழுத்தம் குறைத்து, ரப்பரும் ஒட்டி, அப்படியும் ஒரு திசையில் மட்டும் தோல் நகரவில்லை என்றால் உள்ளே தேய்மானம். இந்த மெசினைத் தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள், எல்லா மெக்கானிக்குக்கும் இது பழக்கமில்லை.

தையலுக்குப் பக்கத்தில் கறுப்புக் கறை

அமுங்கவில்லை, நிறம் மட்டும் மாறியிருக்கிறது. விரலால் தேய்த்தால் வழுக்கினால் எண்ணெய். எண்ணெய் விட்ட கையோடு தைக்கத் தொடங்கியிருப்பீர்கள். பாதத் தண்டில் எண்ணெய் இறங்கி வரும், தண்டைச் சுற்றித் துணித்துண்டு ஒன்றைக் கட்டி, வீண் துண்டில் சில அடி தைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வழுக்கவில்லை, நீலம் கலந்த கறுப்பு, பட்டைத்தோல், மழைக்காலம். அப்படியென்றால் இரும்புக் கறை. பட்டைச் சத்தும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்கும். கடற்காற்று பிடிக்கிற எங்கள் பக்கத்தில், முலாம் உரிந்த பாதம் ஒரு கிழமையில் துரு கட்டும். பல்லை அராவிவிட்டுத் துடைக்காமல் போட்ட பாதமும் இதே வேலை செய்யும், இரும்புத்தூள் ஊசித் துவாரத்தில் இருக்கும். தேசிக்காய்ச் சாற்றில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, பஞ்சால் கறையில் மட்டும் தொட்டுத் தொட்டு எடுங்கள். கறை மங்கியதும் வெறும் தண்ணீரில் துடையுங்கள். தோலின் நிறமும் கொஞ்சம் வெளுக்கும், ஆகவே முதலில் வீண் துண்டில் பாருங்கள். பாதத்தைப் பொலிஷ் போட்டு, வேலை முடிந்து இரவில் மெழுகுத் துணியால் துடைத்து வையுங்கள். முலாம் பெரிதாய் உரிந்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

விழுந்துவிட்ட தடத்தை எடுக்க முடியுமா

தடத்தின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் தோல் அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பட்டைத்தோல் என்றால் ஈரப் பஞ்சால் அந்தப் பகுதி முழுவதையும் துடையுங்கள். தடத்தை மட்டும் நனைத்தால் வட்டமாய்க் கறை நிற்கும். கொஞ்சம் பொறுத்து, கரண்டியின் முதுகால் தடத்தின் ஓரத்திலிருந்து உள்ளே தேய்த்துக் கொண்டு வாருங்கள். ஆழமில்லாத தடம் போய்விடும், ஆழமானது பாதியாய்க் குறையும். எண்ணெய், மெழுகு ஏறிய குரோம் தோலில் தலைமயிர் காயவைக்கிற மெசினால் மிதமாய்ச் சூடுகாட்டி விரலால் தேய்த்தால் நிறம் திரும்பிவரும்.

நகம் சிக்கினால் மேல்தோல் வெட்டுப்பட்டிருக்கிறது. அதை எந்தப் பொலிஷும் மூடாது. தையலைப் பிரித்தாலும் பழைய ஓட்டைகள் நிற்கும். அந்தத் துண்டைப் பையின் உள்பட்டிக்கு எடுத்துவிட்டு முன்பக்கத்தைப் புதிதாய் வெட்டுங்கள். வெட்டும்போது ஓரத்தில் ஒரு சாண் மாதிரித் துண்டுக்கும் விட்டுக்கொள்ளுங்கள்.